பழைய கிளஸ்டரை நீங்களே அழித்துவிடாதீர்கள்

போன கிழமை கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து ஒரு தம்பி இரவு பத்து மணிக்கு அழைத்தான். "அண்ணை, சேர்வரை அப்கிரேட் பண்ணினனான், டேட்டா ஒண்டையும் காணேல்லை."

நான் முதலில் கேட்டது: "பர்ஜ் அடிச்சனீயோ?"

"இன்னும் இல்லை அண்ணை."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பர்ஜ் என்பது நிறுவிய மென்பொருளை அடியோடு துடைக்கும் கட்டளை. 2023 மாசியில் இதே இடத்தில் நின்று நான் அடித்துவிட்டேன்.

பேக்கேஜோடு தரவும் மாறும் என்று நம்புவது

சேர்வரின் இயங்குதளமான உபுண்டு 20.04இல் வருவது தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸின் 12ஆம் பதிப்பு, 22.04இல் வருவது 14. ஒரே பதிப்புக்குள் வரும் சிறு திருத்தங்களை, உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் பார்த்துக்கொள்ளும். 12இலிருந்து 14 என்றால் தரவுக் கோப்புகளின் அமைப்பே வேறு. ஆப்ட் 14ஐப் பக்கத்தில் நிறுவி, 5433 போர்ட்டில் வெறும் கிளஸ்டர் ஒன்றை (ஒரு பதிப்பு நடத்தும் தரவுத்தளங்களின் தொகுதி) வைக்கும். உங்கள் தரவு 12இலேயே இருக்கும்.

அப்கிரேட் முடிகிற நேரத்தில், தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கவா என்று கேட்கும். அந்தப் பட்டியலில் போஸ்ட்கிரஸ் 12உம் இருந்தது. வாசிக்காமல் ஆம் என்றேன். போனது மென்பொருள் மட்டும். தரவு வட்டில் பத்திரமாகக் கிடந்தது. எனக்கு அது தெரியவில்லை. 14 வெறுமையாக இருப்பதைப் பார்த்துப் பதறி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்று 12ஐ பர்ஜ் செய்தேன். தரவு அடைவையும் அழிக்கவா என்று கேட்டது. அதற்கும் ஆம்.

அது நெல் வாங்கும் நிலையம் ஒன்றின் தரவுத்தளம். காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. கையில் இருந்த பேக்கப் ஒன்பது நாள் பழையது. பற்றுச்சீட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்து இரண்டு இரவு திருப்பித் தட்டினோம். காசுக்கு வந்த கமக்காரர்கள் வெளியில் காத்திருந்தார்கள். நான் அழிக்கும்வரை அந்தத் தரவு அங்கேதான் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

சரி, தம்பிக்குச் சொன்னது இதுதான். முதலில், இருக்கிற கிளஸ்டர்களைக் காட்டும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளையை அடி. 12க்கு நேரே 'பைனரீஸ் மிஸ்ஸிங்' என்று வந்தால் தரவு இருக்கிறது, மென்பொருள்தான் இல்லை. போஸ்ட்கிரஸ் திட்டத்தின் சொந்த ஆப்ட் களஞ்சியத்தில் பழைய பதிப்புகளும் கிடைக்கும். 12ஐ அங்கிருந்து போடு. 14இல் இருக்கும் வெறும் கிளஸ்டரை பிஜி_டிராப்கிளஸ்டரால் நீக்கு. அந்த எண்ணை இரண்டு தரம் பார், 12 என்று அடித்தால் கதை முடிந்தது. அப்புறம் 12இன் தரவை 14க்கு மாற்ற பிஜி_அப்கிரேட்கிளஸ்டர். தரவை நகலெடுத்துத்தான் மாற்றும், வட்டில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். முடிந்ததும் 14 பழைய 5432 போர்ட்டுக்கு வரும். 12 நிறுத்தப்பட்டு அப்படியே கிடக்கும். கணக்குகள் ஒத்துப்போகும்வரை அதைத் தொடாதே.

இண்டெக்ஸை மறப்பது

உபுண்டு 18.04இலிருந்து 20.04க்கு வருபவர்கள் கவனிக்க: இயங்குதளத்தின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி 2.28இல் எழுத்துகளின் வரிசை மாறியது. தரவு அடைவை அப்படியே கொண்டுவந்தால், தேடலுக்கு உதவும் இண்டெக்ஸ் பழைய வரிசையிலேயே இருக்கும்; இருக்கிற பெயரைத் தேடினாலும் இல்லை என்று வரலாம். ரீஇண்டெக்ஸ் செய்து அதைப் புதிதாகக் கட்டுங்கள்.

மின்வெட்டு நாளில் தொடங்குவது

வேண்டாம்.

தனியாக, இரவில் செய்வது

தம்பி அழைத்தது நல்லது. பதினொன்றரைக்கு 5432இல் அவனுடைய அட்டவணைகள் எல்லாம் திரும்ப வந்தன.