பிளக் குழியில் எண்ணெயா? என்ஜினை இறக்குவதற்கு முன்

பர்லியாறு தாண்டி குன்னூர் ஏறும்போது பெட்ரோல் கார் உதறினால், பலரும் முதலில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறிக்கான மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைத்தான். என் வண்டிக்கும் அதைத்தான் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஏற்றத்தில் அதே உதறல். காயிலை நானே உருவிப் பார்த்தேன். அதன் ரப்பர் பூட் எண்ணெயில் ஊறி உப்பிப்போய், விரலால் அழுத்தினால் கொழகொழவென்று இருந்தது. டார்ச் அடித்தால், பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் பிளக்கின் பாதி வரை கறுப்பு எண்ணெய். ஊறிய ரப்பர் மின்சாரத்தைத் தடுக்காது. பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்துச் சுவருக்குத் தாவிவிடும். எண்ணெய் வரும் வழியை அடைக்காமல் காயிலை மட்டும் மாற்றினால், புதுக் காயிலும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

அடுத்த தவறு, குழியில் எண்ணெயைப் பார்த்ததும் "ரிங் போச்சு, என்ஜினை இறக்கணும்" என்று முடிவு கட்டுவது. ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருந்து, எண்ணெய் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம். பிளக்கைக் கழற்றி, எண்ணெய் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேல்பக்கம், பீங்கானிலும் திருகு மரையிலும் மட்டும் ஈரம், நுனி காய்ந்து வெளிர் பழுப்பாக இருக்கிறது என்றால், கசிவு மேலிருந்துதான். என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கோ, பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் சீலோ சூட்டில் இறுகிப்போயிருக்கும். பெரும்பாலும் சில மணி நேர வேலை. நுனியே எண்ணெயில் நனைந்து கறுத்திருந்தால்தான் உள்ளே வால்வு சீலையோ (வால்வுத் தண்டு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) ரிங்கையோ சந்தேகிக்க வேண்டும்.

இதைப் பிரித்தறிய நம் மலைப்பாதையே உதவும். குன்னூரிலிருந்து இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, காற்று வழி மூடியிருப்பதால் என்ஜின் உள்பக்கம் பலமாக உறிஞ்சும். தேய்ந்த வால்வு சீல் வழியாக எண்ணெய் உள்ளே இறங்கும். கல்லாறு வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் ஒரு கொத்து நீலப்புகை வந்துவிட்டு நின்றால், அநேகமாக வால்வு சீல்தான். ஏற்றத்தில் லோடு இழுக்கும்போது விடாமல் புகைந்தால் ரிங் பக்கம் பாருங்கள்.

சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போடும்போது ஊட்டிக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. கேஜும் அதற்கேற்பக் குறைத்தே காட்டும். புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, நல்ல என்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். நான்கு சிலிண்டரையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம்.

சில நேரம் குழியில் இருப்பது எண்ணெயே இல்லை, வாட்டர் சர்வீஸில் புகுந்த தண்ணீர். துணியில் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிளக்கைக் கழற்றும் முறையிலும் கவனம் வேண்டும். குழியில் எண்ணெய் நிற்கும்போதே கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும், கூடவே மண்ணும். சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சுங்கள். மிச்சத்தைக் குச்சியில் சுற்றிய துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் இருக்கும்போது ஏர் அடித்தால் முகத்தில்தான் தெறிக்கும். ஏற்றம் ஏறி வந்த சூட்டோடு கழற்றவும் வேண்டாம், அலுமினிய ஹெட்டின் மரை கிளம்பிவிடும்.

பேக்கிங் மாற்றும்போது குழி சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். சில வண்டிகளில் அது கவரோடு சேர்ந்தே வரும். பழைய பேக்கிங் மேல் சிலிகான் பூசி ஒப்பேற்றினால், பிதுங்கிய துணுக்கு உள்ளே விழுந்து எண்ணெய் வழியை அடைக்கலாம். போல்ட்டை பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் பிளாஸ்டிக் கவர் விரிசல் விடும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் முடுக்குங்கள். என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தால் உள் அழுத்தம் ஏறி, புது பேக்கிங்கும் சீக்கிரம் கசியும். அதையும் கழற்றி ஆட்டிப் பாருங்கள், உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு குழியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேட்டுப்பாளையம் வரை ஒருமுறை போய் வந்து, வண்டி ஆறியதும் காயிலை உருவி டார்ச் அடியுங்கள். என் வண்டியில் அன்று நான்கு குழியும் காய்ந்து கிடந்தன.