வெளியூர் போன இடத்தில் குழந்தைக்கு அடிபட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் இரண்டு நாள் விடுமுறைக்காக வெளியூர் போயிருந்தோம். பைகளை அறையில் வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, என் மகன் நீச்சல்குளத்தின் ஓரமாக ஓடி வழுக்கி விழுந்தான். தாடைக்கு அடியில் ஒரு விரல் நகம் அகலத்துக்குக் கிழிசல். முதலுதவிப் பெட்டி கொண்டுபோயிருந்தோம். எங்கே? காரில், நாலு பைகளுக்கு அடியில்.

அந்த நேரம் குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் ஆறு பேர் இருந்தோம். 'நீங்க பாத்துக்கறீங்கன்னு நினைச்சேன்' என்று ஒருவர் விடாமல் எல்லோரும் சொன்னோம். கூட்டமாகப் போகும்போது நடக்கும் முதல் தவறே இதுதான். 'இந்த அரை மணி நேரம் நீ, அடுத்தது நான்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ரத்தம். துண்டை வைத்து அழுத்தத்தான் செய்தேன். ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை 'நின்னுடுச்சா' என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். உறைய ஆரம்பித்த ரத்தம் ஒவ்வொரு முறையும் துணியோடு பிய்ந்து வந்தது. கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 10 நிமிடம், எடுக்காமல் அழுத்த வேண்டும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். பஞ்சு வேண்டாம், இழை இழையாகக் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். சிராய்ப்புகளுக்குக் குழாய்த் தண்ணீரே போதும். மண் போகும்வரை நன்றாகக் கழுவினால் சரி. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் எரிச்சலைத் தருவதோடு, ஆற வேண்டிய சதையையும் கெடுக்கும்.

ரத்தம் நின்றதும் அடுத்த தவறு வந்தது: 'சின்னக் காயம்தானே, நாளைக்கு ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்.' அறைக்குப் பணம் கட்டியாயிற்று, மற்ற பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள். இதே கிழிசல் வீட்டில் ஏற்பட்டிருந்தால் அந்த நிமிடமே கிளம்பியிருப்போம். காயத்தின் நீளத்தைவிட, அதன் ஓரங்கள் விலகி வாய் பிளந்து நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்படி நின்றால் தையலோ மருத்துவப் பசையோ தேவைப்படலாம். அதைச் சில மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. தள்ளிப்போட்டால் கிருமி தொற்றும் வாய்ப்பும் தழும்பும் கூடும். எங்களுக்கு மூன்று தையல். நல்லவேளை, என் அம்மா பிடிவாதமாகக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நாய், குரங்கு, பூனை எது பிறாண்டினாலும் இந்த 'நாளைக்கு' கூடவே கூடாது. ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

தலையில் அடிபட்டால் நாம் பார்க்கும் வேலை வேறு. குழந்தையைத் தூங்கவே விடக் கூடாது என்று உலுக்கிக்கொண்டிருப்போம். இயல்பாகப் பேசி, விளையாடி, வழக்கமான நேரத்துக்குத் தூங்கினால் தூங்கட்டும். இடையில் எழுப்பிப் பார்த்தால் ஒழுங்காக விழிக்கிறதா என்பதுதான் முக்கியம். பயணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. திரும்பும் வழியில் குழந்தை வாந்தி எடுத்தால் 'வண்டி ஒத்துக்கலை' என்போம். சோர்ந்து சாய்ந்தால் 'ரெண்டு நாள் ஆட்டம்' என்போம். தலையில் அடிபட்ட குழந்தைக்கு இந்தச் சமாதானங்களை ஏற்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், உளறல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் என்று எது தெரிந்தாலும் வண்டியை மருத்துவமனைக்குத் திருப்புங்கள். பயண வாந்திக்கான மாத்திரையையும் அன்று கொடுக்காதீர்கள். பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். மயக்கமா மாத்திரையா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

சூடு பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். ஐஸும் பற்பசையும் வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வைக்காமல் முன்பக்கம் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். கால் பிசகினால் உருவிவிடாதீர்கள்.

வலி மருந்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் இல்லை. சிரப்பிலேயே வீரியம் மாறும். உறவினர் பையிலிருந்து எடுத்த பாட்டிலில் 'நம்ம வீட்டு அளவு' ஊற்றாமல், குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். பெரியவர்களின் ஆஸ்பிரின் குழந்தைக்கு ஆகவே ஆகாது.

கடைசியாக நான் செய்த ஒன்று. தையல் போட்டவர் எழுதிக் கொடுத்த சீட்டை அறை மேசையிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். முகத்துத் தையலைப் பொதுவாக 5 நாள் வாக்கில் பிரித்துவிடுவார்கள். எங்கள் மருத்துவர் 'என்னிக்கு போட்டாங்க, டெட்டனஸ் ஊசி போட்டாங்களா, என்ன மருந்து' என்று கேட்டபோது தேதியைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. இப்போதெல்லாம் சீட்டு கைக்கு வந்ததும் அங்கேயே நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், தடுப்பூசி அட்டையின் படத்துக்குப் பக்கத்திலேயே.