வீட்டோடு குறிபார்த்துப் பழக ஒரு ஏர் ரைஃபிள்: முதல் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது

மெரினாவில் பலூன் சுட்ட பிள்ளை “நமக்கும் ஒண்ணு வாங்கலாம்பா” என்று கேட்டதும், இருப்பதிலேயே வேகமான ஏர் ரைஃபிள் எது என்றுதான் பலரும் தேடுகிறார்கள். தயவுசெய்து அங்கே ஆரம்பிக்காதீர்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றாரே, அந்த 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகளே நொடிக்குச் சுமார் 170, 180 மீட்டர் வேகத்தில்தான் சுடும். அந்தப் போட்டியின் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு வெறும் 0.5 மில்லிமீட்டர். ஆக, காகிதத்தில் துளை போட வேகம் வேண்டியதில்லை, அசையாமல் பிடிக்க முடிகிற துப்பாக்கிதான் வேண்டும்.

1. முதலில் இடம்

துப்பாக்கிக்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். 10 மீட்டர் நீளம், இலக்குக்குப் பின்னால் உறுதியான சுவர், நடுவில் யாரும் குறுக்கே வர வழியில்லாத இடம். தவறிப்போன குண்டு சில நூறு மீட்டர் போகும் என்பதால் கைப்பிடிச் சுவர் மட்டும் உள்ள மொட்டைமாடி சரிப்படாது. ஒரு மரப்பெட்டியில் பழைய செய்தித்தாளையும் கிழிந்த துணியையும் இறுக்கித் திணித்து, பின்பக்கம் இரும்புத் தகடு வைத்து, முன்னால் அட்டையை ஒட்டினால் குண்டு உள்ளேயே நின்றுவிடும்.

2. எந்த வகை

ஸ்பிரிங் வைத்த, குழலை மடக்கி இழுக்கிற, 4.5 மி.மீ. குண்டு போடும் துப்பாக்கியே போதும். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி வகை அருமையானதுதான், ஆனால் பம்பு, சிலிண்டர் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். 5.5 மி.மீ. குண்டு விலை கூடுதல், இந்த வேலைக்கு அது வேண்டவும் வேண்டாம்.

விளம்பரத்தில் “1000 எஃப்பிஎஸ்” (நொடிக்கு இத்தனை அடி வேகம்) என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது பெரும்பாலும் எடை குறைந்த குண்டை வைத்து அளந்த கணக்கு. அரை கிராம் குண்டு நொடிக்கு 180 மீட்டரில் போனால் அதன் சக்தி சுமார் 8 ஜூல். குடும்பத்துக்கு அதன் பக்கத்தில் இருந்தாலே தாராளம்.

3. கையில் எடுத்துப் பாருங்கள்

படத்தைப் பார்த்து வாங்காமல், சுடப்போகிற எல்லோரையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். தோளில் வைத்து ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். முன்கை நடுங்கினால் அது அவருக்குக் கனம். தோளில் முட்டும் பின்கட்டை நீளமாக இருந்தால் பிள்ளைகள் கழுத்தை நீட்டித்தான் குறிபார்க்க வேண்டிவரும். அப்புறம் குழலை மடக்கிப் பாருங்கள். சக்தி கூடக் கூட மடக்கும் பலமும் கூடும், இருபது குண்டுக்குள் கை ஓய்ந்துபோகும். மடக்கிய துப்பாக்கியைக் குண்டில்லாமல் மட்டும் சுட்டுவிடாதீர்கள், உள்ளே பிஸ்டன் சீல் அடிவாங்கும்.

4. டெலஸ்கோப் இப்போது வேண்டாம்

ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும், மலிவான டெலஸ்கோப் அதைத் தாங்காது. திருகிச் சரிசெய்யக்கூடிய பின்குறி (குழல்மேல் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிபார்க்கும் வெட்டு) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் தட்டைத்தலை ஈயக் குண்டு இரண்டு மூன்று வகை வாங்குங்கள். ஒரே துப்பாக்கி ஒரு குண்டுக்கு ஒழுங்காகவும் இன்னொன்றுக்குத் தாறுமாறாகவும் சுடும். தட்டைத்தலை காகிதத்தில் வட்டமாக வெட்டும், புள்ளி எண்ணச் சுலபம். பால்ரஸ் குண்டு போடவே கூடாது, குழலின் உள்வரிகள் கெடும், தகட்டில் பட்டு எகிறித் திரும்பியும் வரும்.

5. சட்டம்

2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மிகாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாள அட்டை கொடுத்து, பெரியவர் பெயரில் பில்லோடு வாங்கி அதைப் பத்திரப்படுத்துங்கள். குருவி, புறா பக்கம் குழலைத் திருப்பவே கூடாது என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பறவைகளை வேட்டையாடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

6. முதல் நாள்

எல்லோரும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பெரியவர் மடக்கிக் குண்டு போட்டுத் தரட்டும். போடும்போது ஒரு கை குழலை விடவே கூடாது. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா கிடத்துங்கள். ஐந்து குண்டு சுட்டதும் நடுவில் பட்டதா என்று பார்க்காமல், துளைகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நெருக்கமாக, ஆனால் இடப்பக்கம் விழுந்திருந்தால் பின்குறியை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு ஐந்து சுடுங்கள். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குண்டு ஈயம்.