மணற்காட்டுக் கடலில் இறங்குமுன்

பிள்ளைகளுடன் யாழ்ப்பாணத்து ஊருக்குப் போகிறவர்கள் காரைநகர் கசூரினா கடற்கரையில் குளித்த தைரியத்தோடு வடமராட்சி கிழக்கு மணற்காட்டுக்கும் வருகிறார்கள். கசூரினாவில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் ஆழமில்லை. மணற்காடு வங்காள விரிகுடாவை நேரே பார்த்த கரை. உயிர்காப்பாளர் எவரும் இல்லை என்று எண்ணியே போங்கள்.

மணல்மேடுகளை வெயில் ஏறுமுன் பாருங்கள். காற்று குவித்த மணல் பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்களையே மூடியிருக்கிறது. செருப்பில்லாமல் ஏறினால் இராவணன் மீசைப் புல்லின் கூரிய நுனி காலைப் பதம் பார்க்கும். ஆனாலும் அதைப் பிடுங்காதீர்கள். அதுவும் அடம்பன் கொடியும்தான் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்த மணலே மழைநீரைத் தேக்கி வைக்கிறது. மேடு போனால் ஊரின் நன்னீரும் போகும்.

கடலுக்கு வருவோம். ஐப்பசி முதல் தை வரை, வாடைக்காற்று வீசும் காலத்தில், குளிக்கவே வேண்டாம். டிசம்பர் விடுமுறையில் வருவோருக்கு இது வருத்தமாக இருக்கும், ஆனால் வேறு வழியில்லை. மற்ற மாதங்களிலும் இறங்குமுன் சற்று நேரம் நின்று பாருங்கள். அலைகள் வரிசையாக உடையும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கலங்கி, நுரை கடல்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். பிள்ளையை இறக்க வசதியான இடமாகத்தான் அது தோன்றும். கரைக்கு வந்த நீர் திரும்பிப் பாயும் வழி அது, வளர்ந்தவரையும் இழுத்துவிடும். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டபின் அலை உடையும் இடத்தால் திரும்புங்கள். கரையில் நிற்பவர் பின்னால் குதிக்காமல், பிடித்து மிதக்க மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கானையாவது எறியட்டும்.

கரைவலை இழுப்பவர்களிடம் அன்றைய நீரோட்டத்தைக் கேளுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் வேண்டாம்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த ஊர் அது. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ நிலம் அதிர்ந்தாலோ பொருட்களை விட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம் ஓடுங்கள்.

தெற்கே, இதே கரையிலுள்ள நாகர்கோவில் பக்கம் போர்க்காலத்தில் படைகளின் முன்னரங்கு இருந்தது. புழங்கும் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள்; மணலில் கிடக்கும் இரும்பைப் பிள்ளைகள் தொடவே கூடாது.

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். பெரிய மருத்துவமனை பருத்தித்துறையில். வந்த வாகனத்தைத் திருப்பி அனுப்பிவிடாமல் அங்கேயே நிறுத்தி வையுங்கள்.