அல்சூர் சந்தில் ஒரு பழைய வீட்டின் வயதைக் கணக்கிடுவது எப்படி?

1809-இல் பக்கத்தில் கன்டோன்மென்ட் (பிரிட்டிஷாரின் ராணுவக் குடியிருப்பு) வருவதற்கு முன்பே பெங்களூரின் அல்சூர் ஒரு கிராமம்தான். சோமேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் திண்ணை வைத்த வீடு இன்னும் கண்ணில் படும். அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். "இது எத்தனை வருஷத்து வீடு?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாசலுக்கு ஒரு வயது, கூரைக்கு ஒரு வயது, சமையலறைக்கு வேறு வயது.

முதலில் வீட்டுக்காரரிடம் அனுமதி. அப்புறம் கட்டம் போட்ட தாளில் தரைப்படம் வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து, கதவு ஜன்னல் இருக்கும் இடங்களில் டேப் பிடித்துச் சுவரின் கனத்தை அளந்து படத்தில் எழுதுங்கள். முன்கட்டில் ஒன்றரை அடி மண்சுவர், பின்கட்டில் ஒன்பது அங்குலச் செங்கல் என்றால் பின்கட்டு பிறகு சேர்ந்ததோ என்று சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான்.

சந்தேகம் தீருவது மூலையில். இரண்டு சுவர் சேரும் இடத்தைப் பாருங்கள். செங்கல்கள் மாறி மாறிக் கோத்திருந்தால் பெரும்பாலும் ஒரே நேரத்து வேலை. மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக விரிசல் இருந்தால், ஒன்றின்மேல் இன்னொன்றை ஒட்ட வைத்திருக்கிறார்கள். எது பழசு? எந்தச் சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சு மற்றதன் பின்னாலும் தொடர்கிறதோ, அதுதான். இதற்கு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அடைத்த கதவின் தடம்கூட அந்த வெளிச்சத்தில் புடைத்துத் தெரியும்.

கூரையில்தான் நான் ஏமாந்தேன். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அதனால் மங்களூர் ஓடு அதற்கு முந்தையதாக இருக்காது. சரி, கூரையின் காலம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுப் பாட்டி சிரித்தார்: "அது இடிச்ச வீட்டு ஓடுப்பா, எங்க மாமனார் விலைக்கு வாங்கிப் போட்டது." ஓட்டின் வயது வேறு, அது கூரை ஏறிய வயது வேறு. பீங்கான் சுவிட்சும் அப்படித்தான்: பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905-இல், ஆனால் பழைய சுவரிலும் புது ஒயர் ஓடும்.

பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் "தாத்தா காலம்" என்பார்கள். "உங்க கல்யாணத்தப்போ இந்த ரூம் இருந்துச்சா?" என்று கேளுங்கள். கல்யாண ஆல்பமும் தானே வெளியே வரும்.

கடைசியாகத் தரைப்படத்தில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறம் தீட்டுங்கள். ஊகத்துக்குப் பென்சில் போதும். மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை போங்கள். சாந்து உதிர்ந்த இடத்தில் புதிதாக ஒரு விளிம்பு தெரியலாம், அப்போது அழிப்பான் தேவைப்படும்.