பல்லாங்குழியைக் கைப்பயிற்சிக்கும் கற்றலுக்கும் பயன்படுத்துவது எப்படி?

எழுதும்போது விரல் சோர்ந்துபோகும் சிறுவனும், பார்வையற்ற மாணவியும், பக்கவாதத்துக்குப் பின் கையைப் பழக்கிக்கொண்டிருக்கும் தாத்தாவும் ஒரே பலகையில் மாறி மாறி உட்கார்ந்து ஆடக்கூடிய விளையாட்டு பல்லாங்குழி. ஆடுபவருக்கு ஏற்றபடி காயையும் குழியையும் மாற்றிக்கொண்டால் போதும், விதிகளை மாற்ற வேண்டியதில்லை.

முதல் படி: பலகையும் காய்களும்

வரிசைக்கு 7 வீதம் 14 குழிகள் கொண்ட மரப்பலகை கனமாக இருப்பதால், ஒற்றைக் கையால் ஆடுபவரிடம் எளிதில் நழுவாது. இலேசான பலகையானால் அடியில் ஈரத்துணியை விரித்துக்கொள்ளுங்கள். பலகையே இல்லையென்றால், முட்டை அட்டைகளிலிருந்து 14 குழிகளை வெட்டியெடுத்து, இரண்டு வரிசைகளாக வைத்துத் தொடங்கலாம்.

காய்களில் பெரியது கழற்சிக்காய், அடுத்தது சோழியும் புளியங்கொட்டையும், சிறியது மஞ்சாடி. குன்றிமணியை மட்டும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். அழகாக இருந்தாலும், மென்றால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதற்குள் இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடமும், கையில் கிடைப்பதை வாயில் போட்டுக்கொள்ளும் மறதிநோய் உள்ள முதியவர்களிடமும் எந்தக் காயையும் தனியாகக் கொடுத்துவிட்டு நகராதீர்கள்.

இரண்டாம் படி: ஆட்டம்

குழிக்கு 5 வீதம் 70 காய்களை நிரப்புங்கள். தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்தக் குழி வெறுமையாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். ஊருக்கு ஊர் விதிகள் வேறுபடும். உங்கள் வீட்டுப் பாட்டி சொல்லும் விதியே உங்களுக்குச் சரியான விதி.

மூன்றாம் படி: கைக்கான பயிற்சி

அள்ளிய காய்களை உள்ளங்கையில் மூன்று விரல்களால் பொத்திக்கொண்டு, ஒரே ஒரு காயைக் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் நுனிவரை உருட்டிக் கொண்டுவந்து, மற்றவை சிந்தாமல் குழியில் விட வேண்டும். சட்டைப் பொத்தான் போடுவதற்கும் பென்சிலைச் சரிசெய்து பிடிப்பதற்கும் தேவைப்படும் அசைவுகள் இவற்றுக்கு மிக நெருக்கமானவை. ஆகவே ஒரு கையிலிருந்து எடுத்து மறு கையால் போடும் குறுக்குவழியைப் பழக்கப்படுத்தாமல், இரண்டு காய்கள் மட்டும் கையில் இருக்கும்படி தொடங்கி, அவை சிந்தாமல் நிற்கும்போது மூன்றாக்குங்கள்.

பக்கவாதத்தால் தளர்ந்த கைக்குக் கழற்சிக்காயும் வரிசைக்கு மூன்று குழிகளும் போதுமானவை. நல்ல கை பலகையைப் பிடித்துக்கொள்ள, தளர்ந்த கையே காயை எடுக்கட்டும். அவர் திணறும் அந்தச் சில நொடிகளில் உதவிக்கு உங்கள் கை தானாக நீளும். அதைத் தடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பயிற்சி நடப்பதே அந்த நொடிகளில்தான்.

நான்காம் படி: பார்வையற்றவருடன் ஆடும்போது

அவருடைய வரிசையின் ஓரமாக ஒரு தடித்த நூலை ஒட்டிவிட்டால், எது தன் பக்கம் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். முறை வரும்போதெல்லாம் 14 குழிகளையும் தடவிப் பார்க்க நேரம் கொடுங்கள். எதிராளி எந்தக் குழியை எடுக்கிறார், எங்கே முடிக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று ஆட்டங்களுக்குள் காய்களின் எண்ணிக்கையை நினைவில் வைத்தே அடுத்த நகர்வைத் திட்டமிடத் தொடங்குபவர்களும் உண்டு. பார்வையுள்ளவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடினால் போட்டி சமமாகும்.

ஐந்தாம் படி: கணக்கும் தொடுகையும்

அள்ளுவதற்கு முன், "இந்தக் காய்கள் எந்தக் குழியில் முடியும்?" என்று மட்டும் கேளுங்கள், கூட்டல் தானாக வரும். வழவழப்பையோ சொரசொரப்பையோ கண்டு கையை இழுத்துக்கொள்ளும் ஆட்டிசம் உள்ள குழந்தையை வற்புறுத்தாமல், பல வகைக் காய்களைப் பரப்பி வைத்து, பிடித்ததை அதுவே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

எப்போது நிறுத்துவது?

விரல் நடுங்கினாலோ, காயை எடுக்கும்போது தோள்பட்டை மேலே தூக்கிக்கொண்டாலோ, கை சோர்ந்துவிட்டது என்று பொருள். காய்கள் கலையாமல் பலகையைத் துணியால் மூடி வைத்துவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வலியோ வீக்கமோ தெரிந்தால், இயன்முறை மருத்துவரைக் கேட்ட பிறகே மீண்டும் ஆட வேண்டும்.