குரூப் 4-ல் வேலை கிடைத்தாயிற்று, அதன்பிறகு செய்யும் தவறுகள்

கலந்தாய்வில் துறை எடுத்து இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில், இனி புத்தகத்தைத் தொடவே வேண்டாம் என்று தோன்றும். வருடக்கணக்கில் படித்த களைப்பு அது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பணிமூப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது, நேரம் வந்தால் உதவியாளர் பதவி தானாக வரும் என்று இருந்துவிட்டேன். பேனல், அதாவது பதவி உயர்வுப் பட்டியல், வந்தபோது எனக்குக் கீழே இருந்த மூன்று பேரின் பெயர் அதில் இருந்தது, என் பெயர் இல்லை. கணக்குத் தேர்வு முடிக்காதவர் என்று ஒரே வரியில் காரணம் எழுதியிருந்தார்கள். வேலையில் சேர்ந்தபின் அரசு ஊழியர்கள் எழுத வேண்டிய துறைத் தேர்வுகளில் ஒன்று அது. அன்று மாலை வீட்டுக்குப் போக எனக்கு மனமே வரவில்லை. புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு அந்த மாலை வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதவி உயர்வுப் பட்டியலுக்கு ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட நாள் உண்டு. அந்த நாளில் தேவையான தகுதி எல்லாம் உங்களிடம் இருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் கழித்துத் தேர்ச்சி பெற்றால் அந்த வருடப் பேனலுக்கு அது உதவாது. வரிசையில் யார் முன்னால் என்பதைத்தான் பணிமூப்பு சொல்கிறது. வரிசையில் நிற்கவே தகுதி வேண்டும், அதைத் துறைத் தேர்வுதான் தருகிறது.

எந்தத் தேர்வுகள் வேண்டும் என்பது துறைக்குத் துறை மாறும். சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு முதல் பகுதி, மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வு ஆகிய இரண்டும் பல துறைகளில் கேட்கப்படுகின்றன. வருவாய், பதிவு போன்ற துறைகளுக்குத் தனித் தேர்வுகள் உண்டு. டீக்கடையில் கேட்ட தகவலை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். ஊழியர் விவரங்களைக் கவனிக்கும் பணியமைப்புப் பிரிவில் உங்கள் பணிக்கான விதிகளை வாங்கி நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி இந்தத் தேர்வுகளை வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பர் மாதமும் நடத்துகிறது. சேர்ந்த முதல் வருடத்திலேயே எழுதத் தொடங்கிவிடுங்கள். படிக்கும் பழக்கம் அப்போதுதான் இன்னும் விட்டுப்போகாமல் இருக்கும். திருமணம், குழந்தை, தேர்தல் பணி என்று வந்தபிறகு இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அரிது.

கணக்குத் தேர்வில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதால் படிக்காமல் போகிறவர்கள் நிறையப் பேர். நிதி விதித் தொகுப்பு, கருவூல விதித் தொகுப்பு, அடிப்படை விதிகள் என்று மேசை நிறையப் புத்தகம் இருக்கும், கேள்விக்கான விதி எந்தப் பக்கம் என்று தேடுவதற்குள் மணி அடித்துவிடும். பழைய வினாத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் விதியைத் தேடி எடுத்துப் பழகுங்கள். கைக்குப் பக்கம் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது, அது பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும். தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, பவானிசாகர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்த விவரம், துறைத் தேர்வுகள், ஈட்டிய விடுப்புக் கணக்கு எல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள். இப்போது அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியிலும் பல விவரங்களைப் பார்க்க முடிகிறது. தவறு இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்படிப்பிலும் இதே கவனம் வேண்டும். முன் அனுமதி வாங்காமல் தொலைதூரக் கல்வியில் சேர்ந்துவிட்டு, பட்டம் கையில் வந்தபின் பதிவு செய்யப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம், 2009-ல் வந்த அரசாணை 107-ன்படி பதவி உயர்வுக்குச் செல்லாது. பணம் கட்டும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குரூப் 2 எழுத நினைப்பவர்களும் அலுவலகத் தலைவருக்குத் தெரிவித்துவிட்டு, தடையின்மைச் சான்றுக்கு நேரத்தோடு ஏற்பாடு செய்யுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறொன்று. தபால் பிரிவு போல சுலபமான ஓர் இருக்கை கிடைத்தால் அங்கேயே ஐந்தாறு வருடம் ஒட்டிக்கொள்வது. மாலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பலாம், யாரும் திட்டமாட்டார்கள், உண்மைதான். ஆனால் கண்காணிப்பாளர் ஆகும்போது தணிக்கையில் எழுப்பும் ஆட்சேபத்துக்கு (தணிக்கைத் தடை) பதில் எழுதத் தெரியாமல், சம்பளப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று தெரியாமல், தனக்குக் கீழே இருப்பவர் கோப்பில் எழுதிய குறிப்பில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டிவரும். அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பு கண்காணிப்பாளருடையது. கூடுதல் பணம் வழங்கியிருந்தால் விளக்கம் கேட்கும்போது அவரும் பதில் சொல்லியாக வேண்டும். சம்பளப் பட்டியல், பணியமைப்பு, நீதிமன்ற வழக்கு ஆகிய மூன்று இருக்கைகளிலும் ஒருமுறையாவது உட்கார்ந்துவிடுங்கள். மாற்றித் தரும்படி நீங்களே எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு வரும் தபால்களையும் அவற்றின் மீதான நடவடிக்கையையும் குறிக்கும் தன்பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள். பழைய கோப்புகளில் நல்ல குறிப்பு எழுதிய மூத்தவர்களின் பக்கங்களைத் தேடிப் படியுங்கள். விதியைச் சொல்லி, முன்நிகழ்வைக் காட்டி, இரண்டே பத்தியில் முடிவுக்கு வரும் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒருவராவது இருந்திருப்பார்கள். எனக்கு வேலை கற்றுத் தந்தவை அப்படிப்பட்ட கோப்புகள்தான்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால், சிறு தண்டனைகளுக்கான 17(அ) விதி தானே, சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். உரிய நாளுக்குள் விளக்கம் கொடுங்கள். பேனல் நேரத்தில் நிலுவையில் இருக்கும் நடவடிக்கையும் நடப்பில் இருக்கும் தண்டனையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

அப்புறம், வெளியூர் மாறுதல் வருமே என்று பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. குழந்தையின் பள்ளி, வயதான பெற்றோர் என்று நியாயமான காரணம் இருக்கலாம், அதை நான் குறை சொல்லமாட்டேன். பெரும்பாலும் பெண் ஊழியர்கள்தான் இந்த முடிவுக்குத் தள்ளப்படுகிறார்கள். ஆனால் தற்காலிக உரிமை விடல், அதாவது இப்போதைக்கு மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது, என்றாலும் மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் பெயரைப் பரிசீலிக்கமாட்டார்கள். அதற்குள் உங்களுக்கு இளையவர்கள் உயர்பதவியில் மூத்தவர்களாகிவிடுவார்கள், அந்த இடம் திரும்ப வராது. எழுதிக் கொடுக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் பக்கத்து ஊர் கேட்டு ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். எங்கள் பிரிவில் ஓர் அக்கா அப்படிக் கேட்டு, நாற்பது நிமிடப் பேருந்துப் பயணத்தில் இருந்த அலுவலகத்துக்கு உதவியாளராகப் போனார்.